பழைய கார் எடுக்க முன்னம் பற்றரியைக் கேளுங்கோ



லா சப்பலில் தேத்தண்ணி குடிக்கேக்க மச்சான் கேட்டான்: “பழைய ஹைபிரிட் ஒண்டு மலிவா வருது, எடுக்கட்டோ?” நான் திருப்பிக் கேட்டது: “உள்ள என்ன பற்றரி?”

கதை பிரான்சிலதான் தொடங்கினது. 1859இல் காஸ்தோன் பிளாந்தே ஈய-அமிலப் பற்றரியைக் கண்டுபிடித்தார். 1899இல் பாரிசுக்குப் பக்கத்தில், அஷேரில், அந்த வகைப் பற்றரியோடு ஒரு மின்சாரக் கார் மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டியது. ஆனால் ஈயம் சரியான பாரம். ஒரு கிலோ மின்கலத்தில் சுமார் 35 வாட்-மணிதான் நிக்கும். 1997இல் டொயோட்டா பிரியஸ் கொண்டுவந்த நிக்கல்-உலோக ஹைட்ரைட்டில் அது கிட்டத்தட்ட இரட்டிப்பு. இப்போதைய லித்தியம்-அயனில் 150க்கும் மேல். அதனாலதான் தனி மின்சாரத்தில் தூரம் ஓட முடியுது.

அப்ப என்ன பாக்கவேணும்?

பழைய பிரியஸ் எண்டால், பின் சீற்றுப் பக்கத்துக் காற்றுத் துவாரம். அது தூசியால் அடைபட்டால் பற்றரி சூடாகிக் கெதியாப் பழுதாகும்.

லித்தியம் எண்டால், பற்றரியின் கொள்ளளவு எத்தனை வீதம் மிச்சம் எண்ட அத்தாட்சி.

பழைய ரெனோ ஸோயே எண்டால் இன்னொண்டு: பற்றரி சொந்தமோ, வாடகையோ? வாடகை எண்டால் மாதக் காசு உங்கட தலையில.

மச்சான் இன்னும் காசு குடுக்கேல்லை. முதல்ல துவாரத்தைப் பாக்கப் போறான்.