புத்தகம் இல்லாத வீட்டிலிருந்து எழுத வருகிறவர்களுக்கு

எழுத வேண்டும் என்ற ஆசையோடு என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர், அப்பாவோ அம்மாவோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் வீட்டைச் சேர்ந்தவர்கள். ஐ.டி.ஐ. முடித்தவர்கள், பொன்னேரி அரசுக் கல்லூரியில் படிப்பவர்கள், ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருபவர்கள். உட்கார்ந்ததும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: "எங்க வீட்ல யாரும் படிச்சவங்க கிடையாதுங்க ஐயா."

அதெல்லாம் ஒன்றுமில்லை என்று நான் ஆறுதல் சொல்வதில்லை. அலமாரி நிறையப் புத்தகம் உள்ள வீட்டில் பிறந்த பிள்ளை உங்களுக்குச் சில வருடம் முன்னால்தான் நிற்கிறது. ஆனால் உங்கள் வீடும் உங்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை. அது கொடுத்ததை அறிந்து எடுத்துக்கொள்ளுங்கள், கொடுக்க முடியாததை நீங்களே தேடிக்கொள்ளுங்கள். கீழே உள்ளவை அதற்கான வழிகள்.

1. காதால் படித்ததையும் படிப்பில் சேருங்கள்.

திருவள்ளூர் மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும். தாத்தா மடியில் தூக்கக் கண்ணோடு உட்கார்ந்து துரியோதனன் படுகளம் பார்த்த பிள்ளைக்குக் கதையை எங்கே இழுக்கலாம், எங்கே விடலாம் என்பது யாரும் சொல்லித்தராமலே பிடிபட்டுவிடும். 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்னின்று போராடிய ம.பொ.சி.யின் பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. தாய் சொன்ன கதைகள்தான் அவருக்கு முதல் பாடம். பிறகு அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தார், சிறையில் இருந்த காலத்தில் படித்தார். சிலம்புச் செல்வர் என்று பெயர் பெற்ற அவருக்கு 1966-இல் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. பாட்டி சொன்ன கதை, கூத்தில் கேட்ட வசனம், டீக்கடையில் உரக்கப் படிக்கப்பட்ட தினத்தந்தி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். உங்கள் வாசிப்பு அங்கேதான் தொடங்கியது.

2. மனு எழுதிய கையை மதியுங்கள்.

படிக்காத வீட்டில் முதலில் எழுத்துக் கூட்டிய பிள்ளைதான் அந்த வீட்டுக்கு எழுத்தர். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, வங்கிச் சலான் நிரப்ப, அம்மாவுக்கு லீவு லெட்டர் எழுத எல்லாவற்றுக்கும் அதைத்தான் கூப்பிடுவார்கள். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசையாக எழுதிவிட்டு, "மேற்படி விலாசத்தில் வசித்து வருகிறேன்" என்று தொடங்கியதும் அப்பா குறுக்கிடுவார்: "மூணு மாசமா தண்ணி வரலைன்னு போட்டியா? எந்தத் தெருன்னு போடு. குழாய் எங்க இருக்குன்னு போடு." யாருக்கு எழுதுகிறோம், எதற்காக எழுதுகிறோம், எந்தத் தகவல் விட்டுப்போனால் காரியம் கெடும் என்ற மூன்று பாடங்களும் அந்த ஒரு தாளில் இருக்கின்றன. கதையோ கட்டுரையோ எழுதும்போதும் அப்பாவின் அந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. வீட்டு மொழிக்காகக் கூச்சப்படாதீர்கள்.

ஆந்திர எல்லையை ஒட்டிய நம் ஊர்களில் வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ் என்று வளர்ந்தவர்கள் ஏராளம். "என் தமிழ் சுத்தமா இருக்காது" என்று தயங்குகிறார்கள். இடைசெவல் கிராமத்தில் 1922-இல் பிறந்த கி. ராஜநாராயணன் வீட்டில் பேசியது தெலுங்குதான். பள்ளிப் படிப்பும் அதிகமில்லை. அவர்தான் கரிசல் காட்டுப் பேச்சைத் தமிழ் இலக்கியத்துக்குள் கொண்டுவந்து, அந்த மண்ணின் சொற்களுக்கு அகராதியும் தொகுத்தார். இரண்டு மொழி கேட்டு வளர்ந்த காது, ஒரு சொல்லை எடை போடச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். 1947-இல் அம்புலிமாமா தொடங்கியபோது தமிழிலும் தெலுங்கிலும் சேர்ந்தே வந்தது. வீட்டில் இரண்டு மொழி உள்ளவர்கள் ஒரே கதையை இரண்டிலும் சொல்லிப் பழகுங்கள்.

4. உங்களுக்குப் புத்தகம் கொடுத்தது யார் என்று மறக்காதீர்கள்.

வாசிப்பு பெரும்பாலும் கைமாறித்தான் வருகிறது. 1888-இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தத்துவம் எடுத்ததற்கு ஒரு காரணம், அங்கே படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவப் பாடப் புத்தகங்களை அவருக்குக் கொடுத்ததுதான். பணத் தட்டுப்பாட்டில் இருந்த மாணவருக்கு அந்தப் பழைய புத்தகங்கள் வாழ்க்கையின் திசையையே காட்டிவிட்டன. எழுத்தாளர் பாமாவுக்கு நல்ல புத்தகங்களை அறிமுகப்படுத்தியவர் அவருடைய அண்ணன் ராஜ் கௌதமன். உங்கள் தெருவிலும் ஓர் அண்ணனோ அக்காவோ டீச்சரோ இருப்பார். போய்க் கேளுங்கள். கேட்டு வாங்கிப் படித்ததைத் தம்பி தங்கைக்குக் கொடுங்கள்.

5. இடம் இல்லை, நேரம் இல்லை என்றால் இரண்டையும் வீட்டுக்கு வெளியே தேடுங்கள்.

நைட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா பகலில் தூங்குவார். ஒரே அறை. சத்தம் போடக்கூடாது, லைட் போடக்கூடாது. இது அவர் குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை. கிளை நூலகத்துக்குப் போங்கள். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தால் ஊர் ஊராக எழுந்தவை அவை. நம் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வசூலிக்கிறார்கள், அதனால் உரிமையோடு உள்ளே போகலாம். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் வரை லோக்கல் ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். மீஞ்சூர் தாண்டினால் கூட்டம் நெருக்கும், அதற்குள் இருபது பக்கம் படித்துவிடலாம். வீட்டுக்குள்ளேயே அடைபட்ட பெண்பிள்ளைகளுக்குக் கவிஞர் சல்மாவைச் சொல்வேன். வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர் அவர். மறைத்து எழுதிய கவிதைகளை வெளியே அனுப்ப உதவியது அவருடைய அம்மா. தடுக்கும் வீட்டிலும் நம் பக்கம் நிற்க ஒருவர் இருக்கக்கூடும். அவரைக் கண்டுபிடியுங்கள்.

6. பெற்றோரின் வேலையை எழுதுங்கள்.

அம்மா யூனிபார்மை ஊறப்போடும் முன் வாசலில் நின்று உதறுவார். மடிப்பில் தங்கிய இரும்புத்தூள் சிமெண்ட் தரையில் சிந்தும். உலைப் பக்கம் நிற்பவர் சட்டையில் தீப்பொறி பட்ட சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். ஓ.டி. கிடைத்த வாரம், கான்ட்ராக்டர் சம்பளத்தைத் தள்ளிப்போட்ட மாதம், கேட் பாஸ் மறந்து திரும்பி வந்த நாள் எல்லாம் நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்தவை. நெல்வயலையும் ஆற்றையும் எழுதத் தமிழில் நிறையப் பேர் உண்டு. ரோலிங் மில்லை அங்கே உழைப்பவரின் பிள்ளை எழுதினால்தான் சரியாக வரும். சாப்பிடும்போது அப்பாவிடம் மெஷின் எப்படி ஓடுகிறது என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

7. முகாமில் வளர்ந்தவர்கள் தங்கள் கதையைப் பிறர் எழுதட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

கும்மிடிப்பூண்டியில் 1990 முதல் ஈழத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கேயே பிறந்து அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். பார்த்திராத ஊரைப் பெரியவர்களின் பேச்சில் மட்டும் அறிந்த பிள்ளைப்பருவம் அது. தமிழக முகாம்களில் வாழ்ந்த தொ. பத்தினாதன் 'போரின் மறுபக்கம்' என்ற நூலில் தாம் பட்டதைத் தாமே எழுதினார். முதலில் அதைப் படியுங்கள். பிறகு பாட்டியிடம் உட்கார்ந்து, ஊரில் வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதிலிருந்து கேட்கத் தொடங்குங்கள்.

8. உண்மையை எழுதுங்கள், வீட்டாரைக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

குடித்த அப்பா, அடித்த அண்ணன், படிப்பை நிறுத்திய மாமா எல்லோரும் எழுத்தில் வருவார்கள். வரட்டும். ஆனால் அவர்களுக்கு அந்தக் கை எங்கிருந்து வந்தது என்பதையும் தேடுங்கள். 1992-இல் பாமா தம் வாழ்க்கையை எழுதிய 'கருக்கு' வந்தபோது அவருடைய ஊரார் கோபித்துக்கொண்டார்கள். பின்னாளில் அந்த எழுத்து தங்களுக்காகவும் பேசியது என்று உணர்ந்தார்கள். கோபம் வரும் என்று தெரிந்தே எழுதுங்கள். அடுத்தவருடைய ரகசியமாக மட்டும் இருப்பதை அச்சில் ஏற்றும் முன் அவரிடம் கேளுங்கள்.

9. உங்கள் வீட்டை அடுத்த பிள்ளைக்குப் புத்தகம் உள்ள வீடாக்குங்கள்.

இன்று சிப்காட்டைச் சுற்றி ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் வளர்கிறார்கள். நேற்று உங்களுக்கு இருந்த அதே தயக்கம் இன்று அவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை மாலை அரை மணி நேரம் ஒரு கதைப் புத்தகத்தை உரக்கப் படியுங்கள். உங்கள் பிள்ளையோடு பக்கத்து வீட்டுப் பிள்ளையும் கேட்கட்டும். அவர்கள் தங்கள் மொழியில் ஒரு கதை சொன்னால் நீங்கள் கேளுங்கள்.

இவற்றில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருந்தால், இந்த வாரம் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் அவருடைய பத்து வயதைப் பற்றிக் கேட்டு இரண்டு பக்கம் எழுதுங்கள். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுங்கள். அவர் திருத்தச் சொல்லும் இடங்களைத் திருத்தி எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். மற்றதை உட்கார்ந்து பேசுவோம்.