வான்கோழி முட்டையில் வெப்பப் பாடம்

ஏழாம் வகுப்பில் வெப்பமும் வெப்பநிலையும் நடத்தும்போது மருத்துவ வெப்பமானியை ஒரு முறை எடுத்துக் காட்டிவிட்டு மீண்டும் பெட்டிக்குள் வைத்துவிடுவது என் வழக்கம். இந்த ஆண்டு அப்படி முடிந்துவிடவில்லை. “டீச்சர், எங்க அப்பத்தா வான்கோழி வளக்குது. அடையில உக்காந்த கோழிக்கும் காய்ச்சல் மாதிரி சுடுமா?” என்று ஒரு மாணவி கேட்டாள். கோழியின் இயல்பான உடல் வெப்பநிலையே ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ், நமக்கு அது கடும் காய்ச்சல் என்றேன். “அப்ப முட்டைக்கு எவ்வளவு சூடு வேணும்?” என்ற அடுத்த கேள்வியில்தான் இந்தப் பாடம் தொடங்கியது.

ஆனைக்குட்டத்தில் அந்த அப்பத்தாவின் வீட்டுக்கே போனோம். “கோழிக்கு இருபத்தொண்ணு, வான்கோழிக்கு இருபத்தெட்டு, டீச்சரம்மா. நாட்டுக்கோழிக்கு அடியில வச்சா சிலது பொறுக்காம பாதியில எந்திரிச்சிரும்” என்றவர் 12 முட்டைகளைக் கொடுத்தார். 28 நாள் என்பது சரியாக நான்கு வாரம். செவ்வாய் மாலை வைத்தால் செவ்வாய் மாலைதான் கணக்கு. பொரிக்கும் நாள் விடுமுறையில் விழாதபடி திட்டமிட இது உதவியது.

அடைகாப்புப் பெட்டியை என் வீட்டில்தான் வைத்தேன். பள்ளியில் இரவில் ஆள் இல்லை, முட்டைகளைத் தினமும் தூக்கிக்கொண்டு அலையவும் முடியாது. மாணவர்கள் இருவர் இருவராகக் காலை, மதியம், மாலை வந்து குறிப்பெடுத்தார்கள். தெர்மாகோல் பெட்டி, 40 வாட் குண்டு பல்பு, தெர்மோஸ்டாட், பழைய கணினியில் இருந்து கழற்றிய சிறு மின்விசிறி, தண்ணீர்த் தட்டு, இவ்வளவுதான் கருவி. தெர்மாகோல் எளிதில் தீப்பற்றும். பல்பைத் துளையிட்ட தகர டப்பாவுக்குள் வைத்து, டப்பா பெட்டியில் எங்கும் படாமல் கம்பியில் தொங்கவிட்டோம். மின்இணைப்பை எலக்ட்ரீசியன் ஒருவரே செய்தார். பட்டாசு ஆலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு இதன் காரணத்தை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மின்விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி வேண்டும். தெர்மோஸ்டாட் 37.5 காட்டினால் உள்ளே உண்மையில் 37.5தானா? இதுதான் முதல் வகுப்பு. ஒரு ஃபிளாஸ்க்கில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, தெர்மோஸ்டாட்டின் உணர்முனையையும் டிஜிட்டல் மருத்துவ வெப்பமானியையும் ஒன்றாக வைத்தோம். தெர்மோஸ்டாட் 37.5 காட்டியபோது வெப்பமானி 38.4 காட்டியது. அப்படியானால் தெர்மோஸ்டாட்டை எவ்வளவில் வைக்க வேண்டும்? பாதி வகுப்பு 0.9ஐக் கூட்டியது, பாதி கழித்தது. அரைமணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு 36.6 என்று முடிவானது. மருத்துவ வெப்பமானியின் அளவு ஏன் 35 முதல் 42 வரை மட்டும் என்பதை அன்று நான் தனியாகச் சொல்லவில்லை. குளிர்ந்த நீரில் வைத்துப் பார்த்து அவர்களே கண்டார்கள்.

முட்டையின் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் எனப் பென்சிலால் போட்டு, நாளுக்கு ஐந்து முறை திருப்பினோம். ஏன் ஒற்றைப்படை? இரவில்தான் முட்டை நெடுநேரம் ஒரே பக்கமாகக் கிடக்கிறது. நான்கு முறை திருப்பினால் ஒவ்வோர் இரவும் அதே பக்கம்தான் மேலே இருக்கும். ஐந்து முறை என்றால் இரவுக்கு இரவு பக்கம் மாறும். இதைக் கண்டுபிடித்தவன் கணக்கில் பின்தங்கியவன் என்று நான் எழுதி வைத்திருந்த மாணவன். முட்டையைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம்.

ஈரப்பதம்தான் எங்களைச் சோதித்தது. ஆடிக் காற்றில் துணி காய்வது போல முட்டையும் காய்கிறது. ஓட்டின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகி, 25 நாளில் முட்டை தன் எடையில் சுமார் 12 சதவீதத்தை இழக்க வேண்டும். வைத்த அன்று 12 முட்டைகளின் எடை 1016 கிராம். ஏழாம் நாள் 952. இழப்பு 6.3 சதவீதம். அந்த நாளுக்கு இருக்க வேண்டியதோ 3.4தான். “தண்ணிய நெறைய ஊத்துவோம்” என்றார்கள். அதே தட்டில் ஆழமாக ஊற்றிப் பார்த்தோம், பெரிய மாற்றம் இல்லை. அகலமான தட்டை வைத்தபின் ஈரப்பதமானி 58 சதவீதத்துக்கு ஏறியது. ஆவியாதல் பரப்பைப் பொறுத்தது என்ற வரியைப் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதுகிறேன். இந்த முறை அதற்குச் சான்று கையில் இருந்தது. மிஞ்சிய முட்டைகளின் இழப்பு 25ஆம் நாள் 13 சதவீதத்தில் நின்றது.

எட்டாம் நாள் இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்தோம். மூன்று முட்டைகளில் எதுவும் இல்லை, கூமுட்டை. ஒன்றில் இரத்த வளையம் மட்டும் தெரிந்தது, கரு வளர்ந்து நின்றுவிட்டதன் அடையாளம். எட்டில் சிலந்தி வலை போல நாளங்கள். ஒன்றில் அசைவு தெரிந்ததும் அறை அமைதியானது.

16ஆம் நாள் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரம் நின்றது. போர்வை போர்த்தி, வெந்நீர்ப் பாட்டில்கள் வைத்து, அரைமணிக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்தோம். ஐந்து மணி நேரத்தில் 35க்குக் கீழே இறங்கவில்லை. அறையே 34 டிகிரி, எங்கள் ஊர் வெயிலுக்கு அன்று நன்றி சொன்னோம். ஆபத்து மின்சாரம் வந்தபின்தான். பாட்டில்களை எடுக்க மறந்தோம், பெட்டி 39ஐத் தொட்டது. சில மணி நேரக் குளிர்ச்சியைக் கரு தாங்கும், மிகை வெப்பத்தைத் தாங்காது. குளிர்தல் வரைபடம் அன்றே வரைந்தாயிற்று.

25ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 70க்கு ஏற்றினோம். 28ஆம் நாள் காலை முதல் ஓடு கீறியது. மாலைக்குள் மூன்று குஞ்சுகள், மறுநாள் விடிவதற்குள் இரண்டு. ஆறாவது முட்டையில் ஓட்டை விழுந்து ஆறு மணி நேரமாகியும் அப்படியே இருந்தது. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் ஓட்டை உரித்தேன். இரத்தம் கசிந்தது. அரைமணியில் குஞ்சு இறந்தது.

அதை மறைக்கவில்லை. முதல் கீறலில் இருந்து வெளியே வர ஒரு நாள் வரை ஆகலாம். அந்த நேரத்தில்தான் நாளங்களில் உள்ள இரத்தமும் மீதி மஞ்சள் கருவும் உடலுக்குள் போகின்றன. இதை நான் படித்திருந்தேன், பொறுக்கவில்லை. மறுநாள் வகுப்பில் என் தவறு என்றே சொன்னேன். “நீங்க நல்லதுக்குத்தான செஞ்சீங்க” என்றாள் ஒருத்தி. “இருந்தாலும் அது செத்துருச்சுல்ல” என்றான் இன்னொருவன். இருவருக்கும் நான் பதில் சொல்லவில்லை. மற்ற இரண்டு முட்டைகள் பொரிக்கவே இல்லை.

பொரிப்புத் திறன் எவ்வளவு? 12இல் 5 என்றால் 41.7 சதவீதம். கருவுற்ற 9இல் 5 என்றால் 55.6. எது சரி என்று சண்டை. முட்டை கொடுத்த அப்பத்தாவுக்கு முதல் கணக்கும், நம் பெட்டிக்கு இரண்டாவது கணக்கும் என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். இரத்த வளைய முட்டையைக் கருவுற்றதில் சேர்க்க வேண்டும் என்பதை மட்டும் நான் நினைவூட்டினேன்.

இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர்கள் பொரித்தபின் உள்ள முதல் வாரத்துக்குத் தயாராக இருங்கள். வான்கோழிக் குஞ்சு, கோழிக்குஞ்சு போல உடனே கொத்தாது. தீவனத்துக்கு நடுவே இருந்தும் பட்டினியில் சாகும். எங்களுக்கும் மூன்றாம் நாள் ஒன்று அப்படிப் போனது. அதன்பின்தான் தண்ணீர்த் தட்டிலும் தீவனத் தட்டிலும் வண்ணக் கோலிகளைப் போட்டோம். மினுக்கத்தைக் கொத்த வந்து தின்னப் பழகின. பத்துக் குஞ்சுக்கு ஓர் அவித்த முட்டை, ஒரு லிட்டர் நீருக்கு 100 மில்லி பால் என்று முதல் 15 நாள் கொடுப்பது வழக்கம். தங்குமிடம் முதல் வாரம் 35 டிகிரி இருக்க வேண்டும். வாரத்துக்கு ஏறத்தாழ மூன்று டிகிரி குறைக்கலாம்.

நான்கு குஞ்சுகளும் அப்பத்தா வீட்டுக்குப் போய்விட்டன. அவர் இப்போது ஒரு நாட்டுக்கோழிக்கு அடியில் எட்டு முட்டை வைத்திருக்கிறார். மாணவர்கள் அதற்கும் ஒரு நோட்டுப் போட்டு, கோழி எத்தனை முறை எழுந்து போகிறது என்று எழுதி வருகிறார்கள். அதன் 28ஆம் நாள் காலாண்டுத் தேர்வு வாரத்தில் வருகிறது.