உரிமைக்குக் காவல் யார்?

அதிகாரம் ஒரே கையில் குவிந்தால் கொடுங்கோன்மைக்கு வழி பிறக்கும். ஆகவேதான் சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை என அது பிரிக்கப்படுகிறது. இம்மூன்றின் பெயர்களையும் இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் மலாய்மொழியில் மனனம் செய்தேன். அவை ஏன் பிரிந்து நிற்க வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு வழக்கு எனக்கு விளக்கியது.

நம் கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு தனிமனித சுதந்திரத்தைக் காக்கிறது. கைதானவருக்குக் காரணம் கூற வேண்டும். வழக்கறிஞரை நாட விட வேண்டும். 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஆனால், இதற்கு முரணான சட்டத்தையும் நாடாளுமன்றம் இயற்ற 149ஆம் பிரிவு இடமளிக்கிறது. அவ்வாறு பிறந்ததே 1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் (இசா). அதன்கீழ் ஒருவரை விசாரணையின்றி 2 ஆண்டுகள் தடுத்து வைக்க அமைச்சர் ஆணையிடலாம். அதனை நீட்டிக்கவும் செய்யலாம்.

1987 அக்டோபரில், லாலாங் நடவடிக்கையின்போது நாடாளுமன்ற உறுப்பினர் கர்ப்பால் சிங் இச்சட்டத்தின்கீழ் கைதானார். அவருடைய ஆட்கொணர்வு மனுவை விசாரித்த ஈப்போ உயர்நீதிமன்றம், 1988 மார்ச்சில் அவரை விடுவித்தது. தடுப்புக்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று தவறானது என்பதே தீர்ப்பின் அடிப்படை. அன்றைய தினமே அவர் மீண்டும் கைதானார். மேல்முறையீட்டில் அத்தீர்ப்பும் மாற்றப்பட்டது. ஆயினும், அமைச்சரின் ஆணையை ஒரு நீதிபதி அன்று கேள்வி கேட்க முடிந்தது.

அந்த வாய்ப்பும் நீடிக்கவில்லை. 1988இல் அன்றைய தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ் பதவி நீக்கப்பட்டார். 1989இல் இசா திருத்தப்பட்டது. நடைமுறை பின்பற்றப்பட்டதா என்பதை மட்டுமே இனி நீதிமன்றம் பார்க்கலாம் என்றானது. காரணம் சரிதானா என்று கேட்க வழியில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இவை யாவும் சட்டப்படியே நடந்தன. நாடாளுமன்றப் பெரும்பான்மையே கதவை அடைத்தது. ஆகவே, தேர்தல் மட்டும் உரிமையைக் காத்துவிடாது. பெரும்பான்மைக்கும் வரம்பிட வல்ல நீதித்துறை வேண்டும். அந்நீதித்துறையைத் தாங்கிப் பிடிக்க விழிப்புள்ள மக்களும் வேண்டும்.

2012இல் இசா நீக்கப்பட்டது. எனினும், அதன் இடத்தில் வந்த சொஸ்மா சட்டம் 28 நாள் வரை காவலில் வைக்க இடம் தருகிறது. 24 மணி நேரம் எங்கே, 28 நாள் எங்கே? வேலியைப் பயிருக்குச் சொந்தக்காரர்தான் அடிக்கடி சென்று பார்க்க வேண்டும். நண்பர்களே, அந்தச் சொந்தக்காரர் நாம்தான்.