கடல் மணலில் காளான் உண்டா?

மழை பெய்து ஓய்ந்த காலையில் மயிலாப்பூர்த் தோட்டங்களிலும் அடையாற்றுப் புல்தரைகளிலும் வெண்குடை விரித்தாற்போலக் காளான்கள் முளைத்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம். கடற்கரை மணலில் காளான் முளைக்குமா?

முளைக்கும் நாடுகள் உண்டு. ஐரோப்பாவின் மேற்குக் கரையோரத்தில், சிப்பித் துகள் கலந்து சுண்ணாம்புச் சத்து மிகுந்த மணல்மேடுகளில், இளவேனிற்காலத்தில் 'மொரெல்' என்னும் காளான் தோன்றுகிறது. தாவரவியலார் இதனை மார்செல்லா என்பர். தலை தேன்கூட்டைப் போலக் குழி குழியாக இருக்கும். நெடுக வெட்டிப் பார்த்தால் தலையும் காம்பும் ஒரே வெற்றுக் குழலாகக் காணப்படும். மணலின் நிறத்தையே ஒத்திருப்பதால் எளிதில் கண்ணில் படாது.

நம் நாட்டில் இது கடலோரத்தில் இல்லை. காஷ்மீர், இமாசலப் பிரதேசம், உத்தராகண்டு மலைக்காடுகளில் பனி உருகும் மார்ச் முதல் மே வரை கிடைக்கிறது. அங்கே இதன் பெயர் 'குச்சி'. (நம் ஊர்க் குச்சிக்கும் இதற்கும் உறவில்லை!) உலர்ந்த குச்சி கிலோ பல ஆயிரம் ரூபாய் விலை பெறும். ஆயினும் பச்சையாக உண்டால் இது நஞ்சு. 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், சரியாக வேகாத மொரெலை உண்டதன் விளைவாக 51 பேர் நோயுற்றனர்; இருவர் உயிரிழந்தனர். விலையுயர்ந்த காளானே இப்படியென்றால், நம் புல்தரையில் தானே முளைப்பதைப் பறித்துச் சமைக்க எண்ணவே கூடாது. உண்ணும் காளானைப் போலவே தோற்றமளித்து, கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் இனம் வெப்ப நாடுகளின் புல்தரைகளில் மிகச் சாதாரணம்.

குளிர்காலமும் அதன்பின் மெல்ல ஏறும் வெயிலும் மொரெலுக்கு வேண்டும். சென்னை மணலுக்கு அந்தப் பேறு இல்லை. அப்படியானால் நம் கடற்கரையில் காளானின் உறவினர் எவருமே இல்லையா? உண்டு. குடையில்லை, காம்பில்லை; மணலுக்கு அடியில், செடிகளின் வேருக்குள்ளேயே குடியிருக்கின்றனர். வேளாண்மைத் துறையார் இவற்றை 'வேர் உட்பூசணம்' என்பர். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வாளர்கள் சென்னைக் கடற்கரை மணலில் இவை பரவியிருப்பதை ஆராய்ந்து, 1988இல் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் எழுதினர்.

பெசன்ட் நகரில் அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய மணலில் நடந்து பாருங்கள். ஊதா நிறப் பூவுடன் படர்ந்து கிடப்பது அடம்பு. அதன் பிளவுபட்ட இலையில் சங்கப் புலவர் மானின் அடியைக் கண்டார். இலத்தீன் பெயர் வைத்தவரோ ஆட்டின் காலைக் கண்டார். ஊசி இலைகளோடு நிற்கும் இராவணன் மீசையும் மணல்வெளிச் செடியே. மணலின்மேல் வீடு கட்டியவனின் கதையை நற்செய்தியில் படித்திருக்கிறோம். இச்செடிகளோ மணலின்மேல்தான் வீடு கட்டியாக வேண்டும். அங்கே நீரும் தங்காது, பாஸ்பரஸ் சத்தும் குறைவு.

இங்கேதான் பூசணம் துணைக்கு வருகிறது. அதன் இழைகள் வேரைவிட மிக மெல்லியவை. வேர் எட்டாத மணற்துகள்களுக்கிடையே புகுந்து பாஸ்பரஸைத் திரட்டி வருகின்றன. வேரின் செல்லுக்குள் குட்டி மரம்போல் கிளைத்து அதனை ஒப்படைக்கின்றன. செடி தன் சர்க்கரையில் ஒரு பங்கைப் பதிலுக்குத் தருகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் 40 கோடி ஆண்டுப் பழமையுடையது என்பதற்கு ஸ்காட்லாந்துப் புதைபடிவங்கள் சான்று. அத்துடன், இழைகள் மணற்துகள்களைப் பின்னிப் பிணைத்தும் வைக்கின்றன. காற்றில் பறக்கும் மணல் மேடாக நிலைப்பதில் கொடிக்கும் இழைக்கும் பங்குண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் மணல்மேடுகளின் அருமையைப் பலர் உணர்ந்தனர். என்றாலும் கடற்கரையை அழகுபடுத்துவதாகச் சொல்லி அடம்பைக் களைபோல் வழித்தெடுப்பதும் நடக்கிறது. செடி போனால் இந்தப் பூசணத்திற்கு உணவில்லை. தனித்து வாழ அதற்குத் தெரியாது.

இதனைப் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே காணலாம். கொடியைப் பிடுங்காமல், அதனடியில் ஒரு சாண் ஆழத்திலிருந்து இரு கைப்பிடி மணலும் நான்கைந்து மெல்லிய வேர்த் துணுக்குகளும் எடுத்தால் போதும். மணலை ஒரு லிட்டர் நீரில் கலக்கி, சில விநாடிகள் விட்டால் மணல் அடியில் தங்கும். மேல்நீரைத் தேநீர் வடிகட்டியில் ஊற்றிக் குப்பையை நீக்கி, பிறகு வடிதாளில் வடியுங்கள். மூன்று முறை இவ்வாறு செய்து, தாளை நுண்ணோக்கியில் வைத்தால் மஞ்சளும் பழுப்புமாகப் பளபளக்கும் உருண்டைகள் சில தென்படும். அவையே ஸ்போர் எனப்படும் நுண்வித்துகள். பெரியவை அரை மில்லிமீட்டர் வரை இருக்கும்.

வேருக்குள் பார்க்க ஓர் எளிய வழி 1998இல் வெளியாயிற்று. வேரை 10 சதவீதப் பொட்டாசியம் ஹைடிராக்சைடு கரைசலில் கொதிக்கவைக்க வேண்டும். இது தோலைப் புண்ணாக்கும், ஆசிரியையே செய்யட்டும். பின்னர்க் கழுவி, 95 பங்கு வினிகரில் 5 பங்கு கறுப்புப் பேனா மை சேர்த்து மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள். சில துளி வினிகர் விட்ட நீரில் இருபது நிமிடம் ஊறினால், வேர் வெளுத்து, பூசண இழை மட்டும் மை நிறத்தில் நிற்கும்.

மீந்த மணலைக் கொட்டிவிடாமல், எடுத்த இடத்திலேயே அடம்பின் அடியில் போட்டுவிட்டு வாருங்கள். அதிலும் வித்துகள் உயிரோடிருக்கும்.