பாறு கழுகு பிழைக்க மாடு வளர்ப்போர் செய்ய வேண்டியவை

முன்பெல்லாம் ஊருக்கு வெளியே செத்த மாட்டைப் போட்டால் சற்று நேரத்தில் வானத்தில் பாறு கழுகுகள் வட்டமிடும். தோலை உரித்தவர் விலகியதும் கூட்டமாக இறங்கி, எலும்பு மட்டும் மிஞ்சும்படி தின்று தீர்க்கும். பிணந்தின்னிக் கழுகு என்று மக்கள் முகம் சுளித்த இந்தப் பறவை, கூலி கேட்காமல் ஊரைச் சுத்தம் செய்து வந்தது. இன்று தமிழ்நாட்டின் பெரும்பாலான கிராமங்களில் இதைக் காண முடிவதில்லை. திருக்கழுக்குன்றம் மலைக்கு உணவு உண்ண வந்த கழுகுகளும் மஞ்சள்முகப் பாறு என்ற வகையைச் சேர்ந்தவையே. அவையும் பல ஆண்டுகளாக வருவதில்லை.

அழிவு வந்த வழி

இந்தியாவில் 1992-க்கும் 2007-க்கும் இடையே வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துவிட்டன. இதன் காரணம் 2004-ல் தெரிய வந்தது. மாடுகளுக்கு வலி, வீக்கம், காய்ச்சல் ஆகியவற்றுக்குப் போடப்பட்ட டைக்ளோபினாக் என்ற மருந்தே அது.

மாட்டுக்குப் பலன் தரும் இம்மருந்து பாறுக்கு நஞ்சாகும். ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் இறந்துவிட்டால் மருந்து அதன் உடலில் தங்கியிருக்கும். அந்த இறைச்சியைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியது போல் படியும். சில நாட்களில் பறவை இறந்துவிடும். ஒரு மாட்டைப் பல பாறுகள் சேர்ந்து தின்பதால், நூறு மாடுகளில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இம்மருந்து இருந்தாலே இனம் அழியப் போதுமானது என்று கணக்கிட்டுள்ளனர். பாறு ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து இனப்பெருக்கம் செய்யச் சுமார் 5 ஆண்டுகள் ஆகும். ஆகவே இழந்ததை ஈடு செய்வது எளிதன்று.

நட்டம் யாருக்கு?

பாறு இல்லாத இடத்தில் செத்த மாடு நாட்கணக்கில் அழுகிக் கிடக்கிறது. தெருநாய்கள் அதைத் தின்று பெருகுகின்றன. நாய் பெருகினால் வெறிநாய்க்கடி ஆபத்தும் பெருகும். கன்று, ஆடுகளுக்கும் தொல்லை. பாறுவின் இரைப்பையில் உள்ள கடுமையான அமிலம் அழுகிய இறைச்சியையும் தீங்கின்றிச் செரித்துவிடும். நாய்க்கு அத்திறன் இல்லை.

இன்று தமிழ்நாட்டில் பாறுகள் முக்கியமாக நீலகிரி, ஈரோடு மாவட்டங்களை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வாழ்கின்றன. வெண்முதுகுப் பாறு அங்கே ஓடைக்கரை நீர்மருது மரங்களில் கூடு கட்டுகிறது. கருங்கழுத்துப் பாறு பாறை முகடுகளில் கூடு வைக்கிறது. இவை இரை தேடி வெகு தொலைவு பறக்கக் கூடியவை. எனவே காட்டை ஒட்டிய ஊர்களில் மாடு வளர்ப்போர் மட்டுமின்றி, தொலைவில் உள்ளவர்களும் கவனமாக இருக்க வேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. கால்நடைகளுக்கு டைக்ளோபினாக் போடுவதை மத்திய அரசு 2006-ல் தடை செய்தது. கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் ஆகியவை 2023-ல் தடை செய்யப்பட்டன. நிமெசுலைட் மருந்தும் பின்னர் இப்பட்டியலில் சேர்ந்தது. புளூனிக்சின் மருந்தும் பாறுகளுக்கு ஆபத்தானது. இவற்றை வாங்க வேண்டாம்.

2. மனிதருக்கான டைக்ளோபினாக் பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடும் வழக்கம் பரவியதால், 2015-ல் குப்பியின் அளவு 3 மி.லி. ஆகக் குறைக்கப்பட்டது. சிறு குப்பிகளைச் சேர்த்துப் போடுவதும் சட்டவிரோதமே.

3. மாட்டுக்கு வலி நீக்கும் ஊசி தேவைப்பட்டால் மெலாக்சிகாம் அல்லது டால்பினாமிக் அமிலம் போடும்படி கால்நடை மருத்துவரிடம் கேட்கலாம். இவை பாறுகளுக்குத் தீங்கற்றவை என்று சோதனையில் தெரிந்துள்ளது. மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் ஊசி வாங்கித் தாமே போடுவதைக் கைவிட வேண்டும்.

4. என்ன ஊசி, எந்தத் தேதியில் போடப்பட்டது என்பதைக் குறித்து வைப்பது நல்லது. ஊசி போட்ட சில நாட்களில் மாடு இறந்தால் வெளியில் போடாமல் ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும்.

5. அடைப்பான் நோயால் இறந்ததாகச் சந்தேகம் எழுந்தால் மாட்டை அறுக்கவோ தோல் உரிக்கவோ கூடாது. உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவித்து, அவர்கள் சொல்லும் முறையில் புதைக்க வேண்டும்.

6. சிறுத்தை அல்லது புலி அடித்த மாட்டின் உடலில் பூச்சிமருந்து தடவி வைப்பது பெருங்குற்றம். அதைத் தின்னும் பாறுகள் கூட்டமாக மடிந்துவிடும். அவ்வாறு மாட்டை இழந்தவர் உடலை அப்படியே விட்டு, வனத்துறைக்குத் தகவல் தந்து இழப்பீடு கேட்க வேண்டும்.

7. ஓடைக்கரை நீர்மருது மரங்களை வெட்டக் கூடாது. கூடு உள்ள மரத்தடியில் தீ மூட்டுவதும் சத்தமிடுவதும் ஆகாது.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பணச் செலவு இல்லை. மருந்துக் கடையில் எந்த ஊசியைக் கேட்கிறோம் என்பதில்தான் பாறுவின் பிழைப்பு அடங்கியிருக்கிறது. மருந்து பற்றிய ஐயங்களுக்கு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகலாம்.