எண்ணும் பொறி

கண்ணாற் காண்பதும் பொய் என்பது நம் முன்னோர் வாய்மொழி. அதற்கு ஆய்வுக்கூடத்திலும் சான்று உண்டு.

1923-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பெயின்டர் என்பார், மனித உயிரணுவில் குரோமோசோம்கள் 48 உள எனக் கணக்கிட்டுரைத்தார். அவருக்குப் பின் நுண்ணோக்கியிற் கண் வைத்தோர் பலரும் 48 என்றே எண்ணினர். அவை ஒன்றன்மேலொன்று கிடந்தமையால் எண்ணுதல் அரிதாயிற்று. ஐயம் தோன்றியவிடத்து முன்னவர் சொன்ன தொகையே கைகொடுத்தது. 1955-ஆம் ஆண்டின் இறுதியில், சுவீடன் நாட்டு லுண்ட் நகரில், சியோ என்பார் அவற்றைச் செவ்வையாகப் பரப்பி எண்ணினார். 46 குரோமோசோம்களே இருந்தன. அவரும் லெவான் என்பாரும் 1956-இல் அதனை வெளியிட்டனர். ஒரு பிழை முப்பதாண்டுக்கு மேல் மெய்யென வாழ்ந்துவிட்டது!

நாற்பத்தாறை எண்ணுதற்கே இத்துணை இடர்ப்பாடெனின், ஒரே கண்ணாடித் தகட்டிற் கிடக்கும் பல்லாயிரம் உயிரணுக்களை எண்ணுவார் நிலையை என்னென்பது? புற்றுநோய்க்கு மருந்து தேடுவோர், மருந்திட்டபின் எத்தனை உயிரணுக்கள் பிழைத்தன எனக் கண்டே அதன் ஆற்றலை மதிப்பிடுவர். தொகை தவறினால் மருந்தல்லாதது மருந்தாகிவிடும்.

ஆதலின் அப்பணியைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்தனர். உயிரணுவின் உட்கருவிற்கு ஒளிரும் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியொடு பொருத்திய கருவியாற் படம் எடுப்பர். அப்படம் மிகச் சிறு கட்டங்களால் ஆயது. ஒவ்வொரு கட்டத்திற்கும் அதன் ஒளிக்கேற்ப ஓர் எண் உண்டு. இன்ன எண்ணுக்கு மேற்பட்டன உயிரணு, கீழ்ப்பட்டன வெற்றிடம் என ஆய்வாளர் எல்லை வகுப்பர். எல்லைக்கு மேற்பட்டு அடுத்தடுத்துள்ள கட்டங்களைப் பொறி ஒன்றுகூட்டி, ஓர் உயிரணுவெனக் கொள்ளும். அதன் பரப்பையும் ஒளியையும் அளக்கும். 2005-இல் அமெரிக்காவில் வெளிவந்த செல்ப்ரொஃபைலர் என்னும் நிரல் இத்தகையது.

எண்ணுதல் என்னும் நம் சொல்லுக்குத் தொகையிடுதல், சிந்தித்தல் என இருபொருள் உண்டு. இப்பொறி முன்னதை மட்டுமே செய்யும். நெருங்கி ஒட்டிய இரண்டு உயிரணுக்களை அஃது ஒன்றென்னும். ஒளிரும் தூசியையும் உயிரணு என்னும். எல்லையைச் சற்றுத் தாழ்த்தினால் மங்கிய ஒளியெல்லாம் உயிரணுவாகிப் பெருகும். உயர்த்தினால் மெய்யானவையும் மறைந்தொழியும். பெயின்டர் காலத்திற் கண்ணில் இருந்த சார்பு, இப்பொழுது எல்லை வகுக்கும் கையில் வந்து ஒளிந்துகொள்கிறது. மனிதர் கோடிட்டுக் காட்டிய படங்களைக் கொண்டு தாமே எல்லை கற்கும் நிரல்களும் இன்று உள. அவற்றுக்கும் கோடிட்டவர் கண்ணே ஆசான்.

ஆகவே நேர்மையுடைய ஆய்வாளர், விடையைக் காணுமுன்னரே எல்லையை வகுத்து, மருந்திட்ட தகட்டிற்கும் இடாத தகட்டிற்கும் அதனையே வழங்குவர். சில படங்களைத் தம் கண்ணாலும் எண்ணிப் பொறியின் தொகையொடு ஒப்பிடுவர். அவ்வாறு எண்ணும்போது, எத்தகட்டில் மருந்து இடப்பட்டது என்பதை எண்ணுவாருக்குச் சொல்லாது மறைத்து வைப்பதும் உண்டு.