வாழைப்பால் காயும் முன் அரிவாளைக் கழுவுங்கள்

சின்னமனூர் முதல் கூடலூர் வரை, தார் வெட்டு நடக்கும் எந்தத் தோப்பிலும் அரிவாளை வாங்கிப் பாருங்கள். வாய் மட்டும் பளபளக்கும். மற்ற இடமெல்லாம் கருப்பேறி, தொட்டால் பிசுபிசுக்கும். "வாழைன்னா அப்படித்தாண்ணே" என்பார் வெட்டுகிறவர். அரிவாள் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அந்தப் பிசுக்கு மண்ணைப் பிடித்து வைக்கும் பசை. மண்ணோடு வாடல் நோயும் அடுத்த தோப்புக்குப் போகும்.

பனாமா வாடலை உண்டாக்கும் ஃபியூசேரியம் பூஞ்சாணத்தின் வித்துகள், வாழையே இல்லாத நிலத்திலும் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அமெரிக்க நாடுகளில் க்ரோ மிஷல் ரகத்தை அழித்தது இதன் முதல் இனம். அதைத் தாங்கும் என்றுதான் கேவண்டிஷ் வாழைகளைக் கொண்டுவந்தார்கள். நம் ஜி-9 அந்தக் குடும்பம். அந்த ஜி-9-ஐயே முதல் இனம் தாக்கியிருப்பதைத் தேனி மாவட்டத்தில் கண்டு, திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் 2010-ல் வெளியிட்டார்கள். நம் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

இனி வேலைக்கு வருவோம். வெட்டுவாயில் கசியும் பால் முதலில் தண்ணீர் மாதிரி இருக்கும். காற்றுப் பட்டதும் பழுப்பாகும், இரும்போடு சேர்ந்து கருக்கும், பிறகு இறுகிவிடும். ஈரமாக இருக்கும்போது ஒரு குவளைத் தண்ணீரில் போய்விடும். அதனால் வரப்பில் சோப்புத்தூள் கரைத்த வாளி ஒன்றும் தேங்காய் நாரும் எப்போதும் இருக்கட்டும். வெட்டத் தொடங்கும் முன் அரிவாளிலும் கையிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டால் பால் அவ்வளவாக ஒட்டாது.

காய்ந்துவிட்டதா? பிடியை விட்டு இரும்பை மட்டும் சூடான சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். மரப்பிடி ஊறினால் ஆட்டம் கண்டுவிடும். இளகியதை மழுங்கிய தகட்டால் சுரண்டி, மிச்சத்தை எண்ணெய்த் துணியால் துடைத்தெடுங்கள். உப்புத்தாள் போட்டு உரசாதீர்கள். அந்தக் கீறல்களில்தான் அடுத்த முறை பால் போய் உட்காரும். கருப்புக் கறைக்குப் புளி போதும். தேய்த்து, கழுவி, உடனே துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் துரு வரும். சீப்பு பிரிக்கும் கத்தியில் மண்ணெண்ணெய் கூடாது. கையில் ஒட்டிய பாலுக்கும் அதே மண்ணெண்ணெயைத்தான் பலர் தேடுகிறார்கள். எண்ணெயும் சோப்பும் போதும். வேட்டியில் பட்டுக் காய்ந்த கறையைப் பற்றிக் கேட்காதீர்கள், அது ஏறினது ஏறினதுதான்.

கிருமிநாசினி இதற்கெல்லாம் பிறகுதான். பலர் பிசுக்கோடும் மண்ணோடும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் முக்கி எடுத்துவிட்டுத் திருப்திப்படுகிறார்கள். அழுக்கைத் தொட்டதுமே குளோரின் வீரியத்தை இழந்துவிடும். புது பவுடரில் குளோரின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. லிட்டருக்கு 30 கிராம் போட்டால் 1 சதவீதக் கரைசல். அன்றன்றைக்குக் கரைத்து, சுத்தமான இரும்பைச் சில நிமிடம் அதில் விட்டு, பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். குளோரின் இரும்பைத் தின்னும். வாடல் கண்ட தோப்பு என்றால் இதை நம்பி இருக்க வேண்டாம். கோழிப்பண்ணைகளில் பயன்படும் குவாட்டர்னரி அமோனியம் மருந்து மேல். லேபிளில் உள்ள அளவே அளவு. ஒரு எச்சரிக்கை: புளி, எலுமிச்சை தேய்த்த கருவியை அலசாமல் பிளீச்சிங் கரைசலில் போடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாடல் நோய்க்கு அரிவாளைவிட மண்வெட்டிதான் பெரிய வண்டி. பக்கக்கன்று தோண்டிய கடப்பாரை, டிராக்டர் கலப்பை, காலில் போட்ட செருப்பு எல்லாம் அதே கணக்குத்தான். வாடகைக் கலப்பை வந்தால் தோப்புக்குள் இறங்கும் முன் மண்ணைச் சுரண்டிக் கழுவச் சொல்லுங்கள். டிரைவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நோயில்லாத தோப்பில் முதலில் வேலை, வாடல் கண்டதில் கடைசியாக.

கழுவிய தண்ணீரை வாய்க்காலில் மட்டும் ஊற்றாதீர்கள். அதில் ஓடும் பெரியாற்றுத் தண்ணீர் உங்கள் வயலோடு நிற்பதில்லை. தோப்பின் ஓரத்திலேயே ஒரு குழி வெட்டி அதில் விடுங்கள்.